'மை கம்ப்யூட்டர்': இதில் 'மை' யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்து, கேபிள்களை இணைத்து, மானிட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்த பிறகுதான் பவர் பட்டனை அழுத்துவார்கள். விண்டோஸ் எழுந்து வந்ததும் சில கேள்விகளைக் கேட்கும். எந்த நாடு, எந்த மொழி, என்ன பெயர் என்பவை அவற்றில் சில. பெயரைக் கொடுத்துவிட்டால் போதும், அந்தப் பெயரில் உள்ளே ஒரு போல்டர் உருவாகிவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த போல்டர்தான் நீங்கள்.

விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து டெஸ்க்டாப்பில் 'மை கம்ப்யூட்டர்' என்று ஓர் ஐகான் இருந்தது. 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் 'மை' போய் வெறும் 'கம்ப்யூட்டர்' ஆனது. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1-இல் அதுவே 'திஸ் பிசி' ஆனது. இன்றும் அதே பெயர்தான்.

காணாமல் போன அந்த 'மை', அதாவது 'என்னுடைய' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன். அந்தச் சொல்லை எழுதியது மைக்ரோசாப்ட். காட்டியது மானிட்டர். ஆனால் அதைப் பார்த்து, "ஆமாம், இது என்னுடையது" என்று மகிழ்ந்தது யார்? "நான்தான், வேறு யார்?" என்பீர்கள். சரி, அந்த 'நான்' என்பது என்ன? உடம்பா, மூளையா, உயிரா, அல்லது போல்டரின் பெயர் போல வெறும் ஒரு சொல்லா?

"கம்ப்யூட்டர் பத்திரிகையில் தத்துவ விசாரணை எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பெரியப்பா கேட்ட கேள்வி

நான் நாமக்கல் பக்கம் எருமப்பட்டிக்காரன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இதுபோன்ற ஏ.ஐ. புரோகிராம்கள் எங்கள் தொழிலுக்குள்ளும் நுழைந்துவிட்டன. நான் அரை நாள் உட்கார்ந்து எழுதும் புரோகிராமை அவை அரை நிமிடத்தில் எழுதிக் காட்டுகின்றன. தப்பும் வரும், திருத்த வேண்டும். ஆனாலும் வேகம் வேகம்தான்.

இதை டிவியில் பார்த்த என் பெரியப்பா ஒரு நாள் கேட்டார்: "ஏஞ் சாமி, அந்த மிசினே எல்லாத்தையும் எழுதிப்போடுதாமா. அப்பறம் நீ எதுக்கு?"

அவர் கேட்டது என் வேலையைப் பற்றி. கேலியும் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் "நீ எதுக்கு?" என்ற இரண்டு சொற்களையும் தனியாக எடுத்துப் பாருங்கள். மனிதன் தன்னைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் அதைவிடப் பெரியது கிடையாது. என் வயதுப் பையன்களும் பெண்களும் இந்தக் கேள்வியை வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். சிலர் அதையும் அந்த ஏ.ஐ.யிடமே டைப் செய்து கேட்கிறார்கள்: "நான் எதற்காக வாழ வேண்டும்?"

அதுவும் அழகாகப் பதில் தருகிறது. புள்ளி போட்டு, வரிசைப்படுத்தி, ஆறுதலாகத் தருகிறது. "நான் உங்களைப் புரிந்துகொள்கிறேன்" என்றும் சொல்கிறது. அந்த 'நான்' மீதுதான் எனக்குச் சந்தேகம்.

எலிசா செய்த வேலை

இது புதிய கதை இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். மனநல ஆலோசகர் போல அது உரையாடும். உள்ளே நடந்தது மிகவும் எளிய வேலை. நீங்கள் தரும் வாக்கியத்தில் சில சொற்களைத் தேடும். 'என்' என்று இருந்தால் 'உங்கள்' என்று மாற்றும். அதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கும். "என் அப்பா என்னைத் திட்டுகிறார்" என்றால், "உங்கள் அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்பது போல.

அதை உருவாக்கியது எப்படி என்று கூடவே இருந்து பார்த்தவர் வைசன்பாமின் செக்ரட்டரி. அவரே எலிசாவுடன் பேச ஆரம்பித்த சற்று நேரத்தில், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று வைசன்பாமை அறையை விட்டு அனுப்பினாராம். 1976-இல் எழுதிய புத்தகத்தில் வைசன்பாம் இதைச் சொல்லி வருந்துகிறார்.

இன்றைய ஏ.ஐ. எலிசாவைவிடப் பல மடங்கு திறமையானது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க வைத்து, அடுத்து வரத் தகுந்த சொல்துண்டு எது என்று கணிக்கும்படி அதைப் பழக்குகிறார்கள். பிறகு நல்ல உதவியாளர் போலப் பேசவும் பயிற்சி தருகிறார்கள். மனிதர்கள் எழுதிய பக்கங்கள் முழுவதும் 'நான்' என்ற சொல் இருக்கிறது. ஆகவே அதன் பதிலிலும் 'நான்' வருகிறது. அந்தச் சொல் வருவதை மட்டும் வைத்து, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று முடிவு செய்ய முடியாது. 'மை கம்ப்யூட்டர்' ஐகானுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை அல்லவா?

அப்படியானால் நமக்குள் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் எதை வைத்துச் சொல்கிறோம்?

திருவெண்ணெய்நல்லூர் வாதம்

இந்தக் கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் பட்டியல் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் அவர். அவருடைய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரங்கள், 40 அடிகள். ஏ4 தாளில் ஒரு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு வியப்பான விஷயம், அதில் உடம்பை அவர் இயந்திரம் என்றே குறிப்பிடுகிறார்!

அவர் தரும் காரணங்களை நம் பாணியில் சொன்னால் இப்படி வரும்.

முதல் காரணம்: "உயிர் என்று ஒன்றும் இல்லை" என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டும். இல்லை என்று அறிகிறவர் இருக்கிறாரே, அவர் யார்?

இரண்டாவது: "என் உடம்பு" என்கிறோம். என் வீடு, என் வண்டி என்பது போலவே என் கை, என் கால் என்கிறோம். உடையவர் வேறு, உடைமை வேறு.

மூன்றாவது: கண்ணுக்கு ஒலி தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. ஐந்து புலன்களின் செய்திகளையும் ஒன்றாக அறிகிற ஒன்று தனியே இருக்க வேண்டும்.

அடுத்து கனவையும் உறக்கத்தையும் எடுத்துக்கொள்கிறார். புலன்கள் அடங்கிய கனவிலும் அறிவு நடக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் சாப்பாடும் இல்லை, வேலையும் இல்லை. ஆகவே உடம்பும் மூச்சும் மட்டுமே உயிர் ஆகிவிடாது. கடைசியாக, இந்த உயிர் பிறர் அறிவித்தால்தான் அறிகிறது. எனவே தானாகவே எல்லாம் அறியும் கடவுளும் அது இல்லை என்கிறார்.

கம்ப்யூட்டர் தெரிந்த நமக்கு மூன்றாவது காரணத்தில் ஒரு தடை தோன்றும். மைக் ஒலியை அனுப்புகிறது, கேமரா படத்தை அனுப்புகிறது, கீபோர்டு எழுத்தை அனுப்புகிறது. எல்லாவற்றையும் பிராசசர் ஒன்றாகச் சேர்க்கிறதே, அதற்கும் உயிர் உண்டா? நியாயமான தடைதான். மெய்கண்டார் பிராசசரைப் பார்த்தவர் இல்லை. சேர்ப்பது வேறு, அறிவது வேறு என்பதை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தால்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் சர்வீஸ்காரர் என்ன செய்வார்? டிவிடி டிரைவைக் கழற்றுவார், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவார், ராமை மாற்றிப் பார்ப்பார். 'இதில் இல்லை, இதிலும் இல்லை' என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவார்.

இதே முறையைத் தன் மீது செய்து பார்க்கச் சொன்னவர் ரமண மகரிஷி. 1896-இல் மதுரையில் 16 வயதுப் பையனாக இருந்தபோது திடீரென்று அவருக்கு மரண பயம் வந்தது. படுத்து, உடம்பு செத்துவிட்டது போல வைத்துக்கொண்டு, "இப்போது செத்தது எது?" என்று உள்ளே பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். 1902 வாக்கில் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்தவர், அவரிடம் கேள்விகள் கேட்டார். அப்போது மகரிஷி பேசுவதில்லை. பதில்களை எழுதியே காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலாக 1923-இல் வந்தது.

கேள்வி பதில் என்றதும் இன்றைய ஏ.ஐ. உரையாடல் ஞாபகம் வரலாம். ஒரு வித்தியாசம் உண்டு. ஏ.ஐ.யிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைத்துவிடும், கேள்வி முடிந்துவிடும். ரமணர் பதில் சொல்லும் விதம் கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பி அனுப்பும். ஒரு எண்ணம் வந்தால், "இது யாருக்கு வந்தது?" என்று பார்க்கச் சொல்வார். "எனக்கு" என்றால், "அந்த நான் யார்?" என்று உள்ளே போகச் சொல்வார். உங்கள் பதிலை வேறு யாரும் டவுன்லோடு செய்து தர முடியாது என்பதுதான் அந்த முறையின் சாரம்.

கம்ப்யூட்டரில் எல்லாப் பாகங்களையும் கழற்றிவிட்டால் காலி கேபினட் மிஞ்சும். மனிதனில் 'இது நானில்லை, இது நானில்லை' என்று கழற்றிக்கொண்டே போனால், கழற்றிக்கொண்டிருப்பவர் மிஞ்சுகிறார். மெய்கண்டாரின் முதல் காரணமும் இதேதான். ஆனால் இருவரும் முடிவில் வேறு வேறு பக்கம் போகிறார்கள். தனி நான் என்பதே தேடினால் கரைந்துபோகும் என்பது ரமணர் காட்டும் வழி. தனித்தனி உயிர்கள் உண்மை, என்றும் உண்டு என்பது சைவ சித்தாந்தம். ஏழு நூற்றாண்டு வாதம் இன்னும் முடியவில்லை.

மூளை டாக்டரின் மறுப்பு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. வி.எஸ். ராமச்சந்திரன் தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் மூளை ஆய்வாளராகப் புகழ்பெற்றவர்.

விபத்தில் கை போனவர்களில் பலருக்கு, இல்லாத கை இருப்பது போலவே தோன்றும், சிலருக்கு அதில் கடுமையாக வலிக்கும். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். சிலருக்கு வலி குறைந்தது. இன்னொரு வகை நோயாளிகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு தன் இடது கையையே, "இது என் கை இல்லை" என்று சிலர் மறுப்பார்கள்.

இது மெய்கண்டாரின் இரண்டாவது காரணத்துக்கு நேரான அடி. இல்லாத கையை 'என் கை' என்கிறார் ஒருவர், இருக்கும் கையை 'என் கை இல்லை' என்கிறார் இன்னொருவர் என்றால், 'என்' என்ற உணர்வே மூளை தயாரிக்கும் சரக்குதானோ? அப்படித்தான் ராமச்சந்திரனும் பல மூளை அறிஞர்களும் கருதுகிறார்கள்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மூளையில் மின்சாரம் ஓடுவது சரி. அது ஏன் ஒருவருக்கு வலியாகத் தெரிய வேண்டும்? 1995-இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் இதைத்தான் 'கடினமான பிரச்னை' என்று பெயரிட்டு அழைத்தார். கை இல்லாமல் போகலாம், 'என்' என்பது மூளையின் வேலையாகவும் இருக்கலாம். வலி மட்டும் பொய் இல்லை. அது யாரோ ஒருவருக்கு வலித்தது.

41 டிகிரி

எங்கள் பக்கம் கோழிப் பண்ணைகள் அதிகம். கோடை வெயில் முற்றினால் கோழிகள் சூடு தாங்காமல் சாகும். ஷெட்டில் தெர்மாமீட்டர் வைத்திருப்பார்கள். இப்போது சென்சார் வைத்து, மொபைலிலேயே பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. 41 டிகிரி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாருக்கும் 41 தெரியும், மொபைலுக்கும் 41 தெரியும், பண்ணைக்காரருக்கும் 41 தெரியும். தகவல் மூன்று இடத்திலும் ஒன்றே. ஆனால் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, கூரை மேல் தண்ணீர் தெளிக்க ஓடுகிறவர் ஒருவர்தான். ஏ.ஐ.யைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து யோசனை சொல்லும், பயனுள்ள யோசனையாகவே இருக்கும். ஆனால் கோழி செத்தால் அதற்கு ஒன்றுமில்லை. பண்ணைக்காரருக்குக் கடன் இருக்கிறது, பிள்ளையின் படிப்பு இருக்கிறது, வாயில்லாத ஜீவன் துடிப்பதைப் பார்க்கும் கண் இருக்கிறது.

அர்த்தம் என்று நாம் சொல்வது இதுதான் என்பது என் கருத்து. அது தகவலுக்குள் இல்லை. அந்தத் தகவல் யாருக்கு முக்கியமோ, அவரிடம் இருக்கிறது.

இன்னொரு உதாரணம் பாருங்கள். கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுவிட்டு, காலையில் எழுப்பி, ஈவென்ட் வியூவர் என்ற வசதியைத் திறந்தால் அது எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது என்ற குறிப்பு இருக்கும். நாமும் காலையில் எழுந்து, "நன்றாகத் தூங்கினேன்" என்கிறோம். வேதாந்திகள் பழைய காலத்திலிருந்தே காட்டும் உதாரணம் இது. கம்ப்யூட்டரின் குறிப்பில் மணி, நிமிடம், நொடி எல்லாம் இருக்கிறது. 'நன்றாக' மட்டும் இல்லை.

பெரியப்பாவுக்கு என் பதில்

"நீ எதுக்கு?" என்ற கேள்விக்கு, "நான் புரோகிராம் எழுதுவதற்கு" என்று பதில் வைத்திருந்தால், இன்றில்லாவிட்டால் நாளை அந்தப் பதில் காலியாகிவிடும். கையால் லெட்ஜர் எழுதியவர்கள், டைப்ரைட்டர் அடித்தவர்கள் வாழ்ந்த ஊர்தான் நம் ஊர். அவர்கள் வேலைகள் போயின. அவர்கள் போகவில்லை.

வேலை போனால் சம்பளம் போகும், அது சாதாரண விஷயம் இல்லை. அதற்காகப் புதிது புதிதாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் வேலையோடு சேர்ந்து நம் மதிப்பும் போய்விட்டது என்று நினைப்பது, கீபோர்டு போனதற்காகக் கம்ப்யூட்டரையே குப்பையில் போடுவது போன்றது. மெய்கண்டார் சொன்ன உயிரோ, ரமணர் காட்டிய ஆன்மாவோ, ராமச்சந்திரன் சொல்லும் மூளையின் வேலையோ, மூன்றில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மூன்று பேரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம் எனக்குப் போதும். வலியும் மகிழ்ச்சியும் அக்கறையும் இதோ, இங்கே நடக்கின்றன. அந்த இடத்தில் இருந்துகொண்டு, எது எனக்கு முக்கியம் என்று சொல்லும் வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

ஆகவே ஏ.ஐ.யைப் பயன்படுத்தவே கூடாதா? தாராளமாகப் பயன்படுத்துங்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடம் புரியாவிட்டால் விளக்கம் கேட்கவும் அது நல்ல துணை. மெய்கண்டார் யார் என்று கேட்டால்கூடச் சொல்லும், அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழி சொல்ல மேப் போதும். எங்கே போக வேண்டும் என்று மேப்பிடம் கேட்பவர் உண்டா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மூன்று யோசனைகள்:

1. ஏ.ஐ.யிடம் வாழ்க்கை பற்றிய கேள்வி கேட்கும் முன், அதே கேள்விக்கு உங்கள் பதிலை நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அது உங்களுடையது.

2. அது எந்தப் பதில் தந்தாலும், "இது யாருக்குப் பொருந்தும்? எனக்கா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ரமணரின் முறையில் கால்வாசி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

3. மனம் மிகவும் கனத்து, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். வீட்டில் பேச முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குப் போன் செய்யலாம். மறுமுனையில் கேட்பவருக்கும் வலி என்றால் என்னவென்று தெரியும்.

'நான் யார்?' நூலும் சிவஞானபோதமும் விலை குறைந்த பதிப்புகளாகவே கிடைக்கின்றன. திருக்குறள் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதில் 36-ஆவது அதிகாரத்தின் பெயர் மெய்யுணர்தல். மின்தடை நேரத்தில் படிக்க இவற்றைவிட நல்லவை எனக்குத் தெரியவில்லை.